பிரேக் பைப் நட்டு அசையாதபோது

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை பதினைந்தாம் ஆண்டுப் பதிவுப் புதுப்பிப்பைத் தாண்டிவிட்டன, அல்லது அதை நெருங்குகின்றன. ஆர்டிஓ ஆய்வுக்கு முன்னால் பிரேக்கைச் சரிபார்க்கலாம் என்று டிரம்மைக் கழற்றுவார்கள். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்திருக்கும். புது சிலிண்டர் கடையில் கிடைக்கும், ஷூவைக் கழற்றுவதும் சுலபம். ஆனால் பேக் பிளேட்டுக்குப் பின்னால், சிலிண்டருக்குள் ஏறியிருக்கும் அந்தச் சின்ன பைப் நட்டு அசையாது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் மூலை உருண்டுபோகும், இல்லையென்றால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

கடலோர வண்டிகளில் இது இன்னும் மோசம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராயபுரம் பக்கம் ஓடிய வண்டி என்றால் அடியில் குனிந்து பார்க்காமலேயே சொல்லிவிடலாம். மீன் ஏற்றிய ஆம்னி வேன்களில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தளத்தின் வழியே இறங்கி பைப்பின் மேலேயே சொட்டியிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் இதே ரகம்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நட்டு திரும்பாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நட்டின் மரை சிலிண்டரின் மரையோடு பிடித்துக்கொள்வது. இன்னொன்று, நட்டின் உள்துளை பைப்போடு பிடித்துக்கொள்வது. எல்லாரும் முதலாவதைத்தான் நினைக்கிறார்கள். பழைய கார்களில் அதிகம் வருவது இரண்டாவது. நட்டின் முன்பக்கம் சிலிண்டருக்குள் மூடியிருக்கிறது. பின்பக்கம், பைப் நுழையும் வாய், திறந்தே கிடக்கிறது. தண்ணீரும் சேறும் பைப் வழியாக இறங்கி அந்த இடைவெளியில் தங்கி, இரண்டையும் ஒன்றாகத் துருப்பிடிக்க வைத்துவிடும். மரை விட்டுக்கொடுத்தாலும் நட்டோடு சேர்ந்து பைப்பும் திரும்பும். பைப்பின் வெளிவிட்டம் 4.75 மி.மீ., சுவர் 0.7 மி.மீ. அளவுதான். கால் சுற்றுக்கு மேல் முறுக்கினால் பெயிண்ட் சுருள் சுருளாக வெடிக்கும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். முறுக்கிய பைப்பைத் திரும்ப நேராக்கிப் பயன்படுத்தக் கூடாது. ஃப்ளேர், அதாவது பைப்பின் விரித்த முனை, அதன் கழுத்தில் விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே எதைப் பலி கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். பைப் மலிவு, எங்கும் வளைத்துச் செய்துகொள்ளலாம். ரப்பர் ஹோஸ் அதற்கு அடுத்தது. டிஸ்க் பிரேக்கின் காலிப்பரும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் விலை கூடியவை. பழைய அம்பாசடருக்கு நல்ல மாஸ்டர் சிலிண்டர் தேடுவது தனி அலைச்சல். பைப்பைக் காப்பாற்றப் போய் சிலிண்டரின் மரையைக் கெடுத்துக்கொள்வதுதான் நாங்கள் அதிகம் பார்க்கிற வீண்செலவு. பைப்பின் மேல்பரப்பு செதில் செதிலாக உரிந்திருந்தால் அதைக் காப்பாற்ற யோசிக்கவே வேண்டாம். அது எப்படியும் மாற்ற வேண்டிய பைப்.

இனி ஸ்பேனர். மாருதி போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் இந்த நட்டு எம்10 அளவு (மரை விட்டம் 10 மி.மீ.), மரை இடைவெளி 1.0 மி.மீ., தலை 10 மி.மீ. நடுவில் பைப் போகத் துளை இருப்பதால் சாதாரண போல்ட்டைப் போல அது உறுதியானது கிடையாது. அழுத்தினால் உள்ளே நசுங்கும். சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு மூலைகளில் மட்டும்தான் பிடிக்கிறது. வாய் கொஞ்சம் விரிந்திருந்தால் அவ்வளவுதான், மூலை போய்விடும். இதற்கென்றே ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது. ரிங் ஸ்பேனரில் பைப் நுழையும் அளவுக்கு ஒரு வாய் வெட்டியது போல இருக்கும், ஐந்து பக்கமும் பிடிக்கும். மலிவான ஃப்ளேர் ஸ்பேனரும் அழுத்தத்தில் வாய் விரியும். அப்போது ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் தலையை ஒரு வைஸ் கிரிப் பிளையரால் இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிவிடுங்கள். இனி விரிய வழியில்லை. இந்தச் சின்ன ஏற்பாடு பல நட்டுகளைக் காப்பாற்றும்.

அம்பாசடரில் வேறு தொல்லை. பிரிட்டிஷ் வழி வந்த 3/8 யூஎன்எஃப் (அங்குலக் கணக்கு மரை) நட்டின் தலை பெரும்பாலும் 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ. 11 ஸ்பேனர் ஏறாது. 12 தளரும், உருட்டிவிடும். துருவைச் சுரண்டி 11-ஐத் தட்டி ஏற்றுகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு 7/16 ஃப்ளேர் ஸ்பேனர் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் கூத்து தேவையில்லை.

தொடங்கும் முன் வண்டியைச் சரியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் மேல் வேண்டாம், பாரத்தில் சட்டென்று உடையும். பிறகு கம்பி பிரஷ்ஷால் நட்டையும் அதன் பின்னால் இரண்டு விரல்கிடை பைப்பையும் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். பைப்பின் மேலிருக்கும் துரு மேடுதான் நட்டு பின்னோக்கி நகரும்போது அதை மறிக்கிறது. பிறகு துருநீக்கி எண்ணெய். டபிள்யூடி-40 இருந்தால் அது, ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவு கலந்தது அதைவிட நன்றாக உள்ளே இறங்குகிறது. இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், தீப்பொறி பக்கத்தில் வேண்டாம். மரை தெரியும் முன்பக்கத்தில் மட்டும் ஊற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பைப் நுழையும் பின்வாய்க்குத்தான் எண்ணெய் அதிகம் தேவை. முதல் நாள் மாலை இரண்டு மூன்று தடவை விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கை வைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணெய் பிரேக் ஆயிலுக்குள் போகக் கூடாது. பிரேக்கில் இருக்கும் ரப்பர் கப்புகள் டாட் 3, டாட் 4 ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும், பிரேக் பிடித்த பிடியிலேயே நின்றுவிடும். நட்டு கழன்றதும் வாயைத் துணியால் துடைத்து, புது பைப் போடும் முன் சுத்தமான பிரேக் ஆயிலால் அலசிவிடுங்கள்.

அடுத்தது தட்டல். நட்டின் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கலாகப் பிடித்து, எதிர்ப்பக்கம் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். அடிக்கத் தேவையில்லை, நாலைந்து முறை தட்டி, ஒரு பக்கம் திருப்பி மறுபடி தட்டினால் போதும். அந்த அதிர்வில்தான் துரு உடைகிறது. பிறகு ஸ்பேனரை வைத்து முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அழுத்துங்கள், அதற்கப்புறம்தான் கழற்றுகிற பக்கம். சின்னதாக ஒரு டக் சத்தம் வந்தால் பாதி வெற்றி. கழன்றது என்று ஒரேயடியாகச் சுற்றாமல், கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, மறுபடி எண்ணெய் என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க இன்னொரு கை பைப்பைத் தொட்டபடி இருக்கட்டும். நட்டோடு பைப் திரும்புகிறதா என்று விரல்தான் முதலில் சொல்லும்.

கழற்றும் திசையிலும் தடுமாற்றம் வரும். ஹோஸும் பைப்பும் சேருமிடத்தில் நட்டு தலைகீழாக, நமக்குப் பின்னால் திரும்பி நிற்கும். பைப்பின் பக்கம் நின்று நட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்று கணக்கிட்டால் தவறாது. தலைகீழ் நட்டை இறுக்கி இறுக்கியே அறுத்தவர்கள் ஏராளம்.

நட்டு பைப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஹோஸ் இணைப்பில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹோஸையும் எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால், பைப் நட்டை வைஸ் கிரிப்பால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹோஸ் முனையை பிராக்கெட்டில் பிடித்திருக்கும் லாக் கிளிப்பைக் கழற்றி, ஹோஸை நடுவில் வெட்டிவிட்டு, ஹோஸின் உலோக முனையைத் திருப்பிக் கழற்றுங்கள். ஹோஸ் முனை பெரிய தலை, உறுதியானது. நட்டும் பைப்பும் ஒரே இடத்தில் நிற்பதால் முறுக்கு விழாது. பைப் பிழைத்துக்கொள்ளும். ஹோஸ் நல்லது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வரிசை மாறும். லாக் கிளிப்பைத் தொடாமல், ஹோஸ் தலைக்கு ஒரு ஸ்பேனர் எதிர்ப்பிடியாக வைத்து, நட்டை முதலில் தளர்த்திவிட்டுத்தான் கிளிப்பை எடுக்க வேண்டும். கிளிப் எடுத்துவிட்டால் ஹோஸே முறுக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் நூல் பின்னல் சிதையும்.

பைப்பை விட்டுக்கொடுக்க முடிவாகிவிட்டால் வேலை சட்டென்று எளிதாகிறது. நட்டை ஒட்டி பைப்பை வெட்டிவிடுங்கள். இப்போது நட்டின் மேல் முழு சாக்கெட் ஏறும். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், ஆறு மூலை 10 மி.மீ. சாக்கெட் போடுங்கள். ஃப்ளேர் ஸ்பேனரில் அசையாத நட்டுகளில் பெரும்பாலானவை இதில் கழன்றுவிடும். இதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, மூலைகளை எல்லாம் உருட்டி முடித்தபிறகு பைப்பை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். மூலை முழுசாக இருக்கும்போது வெட்டினால்தான் சாக்கெட்டுக்குப் பிடி கிடைக்கும்.

மூலை ஏற்கெனவே உருண்டிருந்தால் 3/8 அங்குல ஆறு மூலை சாக்கெட்டை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். 3/8 என்பது 9.5 மி.மீ., 10 மி.மீ. தலையைவிட அரை மி.மீ. சிறியது. இறுகக் கவ்வும். அதுவும் வழுக்கினால் வைஸ் கிரிப், தாடையை நட்டின் முழு நீளத்துக்கும் கிடத்தி, கை வலிக்கும் அளவுக்கு இறுக்கிவிட்டு. வைஸ் கிரிப்புக்கு ஒரே வாய்ப்புதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வழுக்கினால் நட்டு வட்டமாகிவிடும். இடமிருந்தால் பைப் வெட்டிய நட்டின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டிங் வைப்பது அடுத்த வழி. வெல்டிங் சூட்டிலேயே மரை இளகிவிடும். ஆனால் அந்தச் சிலிண்டரின் ரப்பர் அதோடு போச்சு, அதையும் மாற்றத்தான் வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வெல்டிங் வையுங்கள்.

சூடு காட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், விபத்து நடப்பது இங்கேதான். கேஸ் டார்ச் நன்றாக வேலை செய்யும், சந்தேகமில்லை. நட்டின் தலையை மட்டும் சுடவைத்து, எண்ணெய் புகையும் அளவுக்கு வந்ததும் டார்ச்சை விலக்கி, மெழுகுவர்த்தியை நட்டின் பின்வாயில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு திருப்பினால் பல நேரம் கழன்றுவிடும். ஆனால் பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். இரண்டு பக்கமும் மூடிய பைப்பில் ஆயில் இருந்து சுடவைத்தால் அது கொதித்துப் பீறிடும். அதனால் பைப்பை வெட்டி ஆயிலை வடித்த பிறகே டார்ச். ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பைப், டேங்க் பக்கத்தில் டார்ச்சே வேண்டாம். பின் சக்கரப் பக்கம் வேலை செய்யும்போது டேங்க் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தைச் சுடவைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். கிளீனர் அடித்திருந்தால் முழுக்க உலரவிடுங்கள். அதைவிட, அன்றைக்கு டார்ச்சை எடுக்காமலே இருப்பது நல்லது.

நட்டு தலை முறிந்து மரைத்துண்டு மட்டும் சிலிண்டருக்குள் நின்றுவிட்டால், அது உள்ளே துளையுள்ளது என்பது நமக்குச் சாதகம். ஸ்டட் எக்ஸ்ட்ராக்டரை அந்தத் துளையில் தட்டி இறக்கித் திருப்பலாம். டிரில் போடத்தான் வேண்டும் என்றால் ஆழத்தில் கவனம். அடியில் கூம்பு வடிவ சீட் இருக்கிறது, ஃப்ளேர் போய் உட்கார்ந்து அடைப்பது அந்தக் கூம்பில்தான். டிரில் முனை அதைத் தொட்டுவிட்டால் மரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசியும். காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் என்றால் லேத் பட்டறையில் கொடுத்து எடுப்பது உசிதம். வீல் சிலிண்டர் என்றால் அந்த நேரத்துக்குப் புது சிலிண்டர் வாங்கிவிடலாம்.

மரை லேசாக அடிபட்டிருந்தால் எம்10, 1.0 டேப்பை கிரீஸ் தடவி, கையால் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யலாம். கிரீஸ் துகளைப் பிடித்துக்கொள்ளும். சீட்டில் முட்டும் முன் நிறுத்த வேண்டும். மரை முழுக்கப் போயிருந்தால் சிலிண்டரை மாற்றுவது தவிர வழியில்லை. டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது எல்லாம் வீண். அடைப்பது மரை இல்லை, ஃப்ளேர். மரையில் எதைச் சுற்றினாலும் கசிவு நிற்காது, நட்டு முழுதாக இறங்காமல் இன்னும் கெடும்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. அம்பாசடரில் வேறு வண்டியின் பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றிப் போட்டிருப்பார்கள். அதனால் ஒரே வண்டியில் இரண்டு வித மரை இருக்கும். 3/8 யூஎன்எஃப் நட்டின் விட்டம் 9.52 மி.மீ., மரை இடைவெளி 1.06 மி.மீ. எம்10 துளையில் அது தளர்வாக ஏறும், இறுக்கினால் இறுகியதுபோலவும் தோன்றும். பிரேக்கில் கால் வைத்து அழுத்தினால் மரை வழுக்கி வெளியே வந்துவிடும். நட்டு கையில் ஆடிக்கொண்டே ஏறினால் வெர்னியரில் அளந்து, மரை கேஜ் வைத்துப் பாருங்கள். ஃப்ளேரின் வடிவமும் இரண்டு வகை. ஜப்பானிய வண்டிகளில் உள்ளே மடித்த டபுள் ஃப்ளேர், பல ஐரோப்பிய வண்டிகளில் குமிழ் ஃப்ளேர். இரண்டுக்கும் எம்10 நட்டே வரும் என்பதால் குழப்பம் எளிது. ஒன்றின் சீட்டில் மற்றொன்று உட்காராது. பழைய முனையைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

புது பைப்புக்குப் பிரேக்குக்கான எஃகு பைப், அல்லது 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும் கலந்த பைப். கடற்கரை வண்டிக்கு எங்கள் வாக்கு இரண்டாவதற்கு. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃப்ளேரும் அழகாக விழும். ஃப்ரிட்ஜ் கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஃபெரூல் வைத்து இறுக்கும் தண்ணீர்க் குழாய் இணைப்புகளும் பிரேக்குக்கு ஆகாது.

வெட்டுவதற்கு ஹாக்சா பிளேடு வேண்டாம், டியூப் கட்டர்தான். வெட்டிய வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சீவி, துகளை ஊதிவிட்டு, நட்டை முதலில் பைப்பில் நுழைத்துக்கொள்ளுங்கள். அழகாக ஃப்ளேர் செய்து முடித்துவிட்டு நட்டு மேஜையில் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. பைப்பைக் கவ்வும் அச்சிலிருந்து அது எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பதற்கு ஃப்ளேர் டூலோடு வரும் சின்ன அடாப்டரின் படி உயரமே அளவு. முதலில் அடாப்டர் வைத்து அழுத்த வேண்டும், பிறகு அதை எடுத்துவிட்டு கூம்பால் அழுத்த வேண்டும். முடிந்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தோ, விரிசலோ இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

மாட்டும்போது நட்டு குறைந்தது மூன்று நான்கு சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பைப்பின் வளைவைச் சரிசெய்து நேராக்குங்கள், ஸ்பேனரால் வற்புறுத்தினால் மரை குறுக்கே ஏறும். இறுக்கம் சுமார் 16 நியூட்டன் மீட்டர் போதும். குட்டை ஸ்பேனரை ஒரு கையால் அழுத்துகிற அளவுதான். அடுத்தமுறை கழற்றுகிறவருக்காக, நட்டின் பின்வாயில் பைப்பைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு ரப்பர் கிரீஸ் அப்பிவிடுங்கள். ஃப்ளேரின் முகத்தில் படக் கூடாது.

பைப் கழன்று கிடக்கும் நேரமெல்லாம் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். பெடலை ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் வழி அடைபட்டு டப்பாவிலிருந்து ஆயில் இறங்குவது நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதன் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் காலியாகி ஏர் ஏறிவிட்டால் ஏர் எடுக்கும் வேலை இரண்டு மடங்காகும். சிந்திய ஆயில் பெயிண்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஏர் எடுக்கப் போகும்போது காற்றை வெளியேற்றும் நிப்பிளும் இறுகியிருக்கும். அதற்கும் இதே எண்ணெய், இதே தட்டல். கூடுதலாக, நிப்பிளின் துளைக்குள் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் தண்டை நுழைத்துக்கொண்டு திருப்பினால் நிப்பிள் நசுங்கி முறியாது. வலது கை ஓட்டுநர் வண்டியில் பெரும்பாலும் இடது பின் சக்கரம்தான் தூரம், கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால் அங்கிருந்து தொடங்குங்கள். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ, காகிதத்தில் சிறு ஈரம் பட்டாலோ வண்டி வெளியே போகக் கூடாது. சுத்தமாக இருந்தால் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் அதே இணைப்புகளில் இன்னொரு காகிதம்.